எண்ணெயில் ஊறும் கட்டி

என் மேசை மேல் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. ஒரு காலத்தில் மாங்காய் ஊறுகாய் இருந்த ஜாடி. இப்போது அதற்குள் எஞ்சின் ஆயிலும், ஆயிலுக்குள் ஒரு கட்டியும் இருக்கின்றன. தேன் நிறக் கட்டி. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரியும். ஜாடிக்குள் போட்டபோது அது கட்டைவிரல் அளவுதான் இருந்தது. எண்ணெயைக் குடித்துக் குடித்து ஊதி, ஜாடியின் வயிற்றை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கவிழ்த்தாலும் விழாது. பதினேழு வருடமாக எண்ணெயில் கிடந்தும் கரையவில்லை. ஏன் கரையாது என்பதைத்தான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் பாடமாக நடத்துகிறேன். இந்த ஜாடியைச் செய்து வைத்தவர் என் மச்சான், என் தங்கையின் கணவர். அவர் போய் ஒரு வருடமும் சில நாட்களும் ஆகின்றன.

நானும் அவரும் கடலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு லேபில் கெமிஸ்ட். அவர் டிப்ளமா படித்து ரியாக்டர் ஆபரேட்டர். எஞ்சின் ஆயிலில் கலக்கும் ஒரு பொருளைச் செய்தோம். எண்ணெய் சூடேறினால் தண்ணீராக இளகும், குளிர்ந்தால் கெட்டிப்படும். இரண்டுக்கும் நடுவில் அதை நிதானமாக வைத்திருக்க நீளநீளமான மூலக்கூறுகளைக் கலப்பார்கள். வெறும் நீளச் சங்கிலியாக இருந்தால் எஞ்சினுக்குள் அரைபட்டு அறுந்துவிடும். கிளை விட்டுப் படர்ந்திருந்தால் தாக்குப்பிடிக்கும். அந்தக் கிளை விட்ட பாலிமர்தான் எங்கள் சரக்கு. சொல்வதற்கு எளிது. கிளை சேர்க்கும் மருந்து ஒன்று உண்டு. அது கையைக் கோத்துக்கொண்டே போகும். போதும் என்று கையை எடுத்துவிட இன்னொரு மருந்து வேண்டும். அதன் அளவு குறைந்தால் எல்லாமும் எல்லாவற்றோடும் பின்னிக்கொண்டு, ரியாக்டர் கலனில் இருக்கும் எட்டாயிரம் லிட்டரும் ஒரே மூலக்கூறாக, ஒரே கட்டியாக உள்ளேயே உறைந்துவிடும். உறைந்ததை இளக்க எந்த வழியும் கிடையாது.

கையை எடுத்துவிடும் அந்த மருந்துக்குப் பெயர் மெர்காப்டன். அதன் நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அழுகிய முட்டைக்கோஸ், எரிந்த ரப்பர் என்று என்ன சொன்னாலும் அதற்கு அது மரியாதை செய்வதாகிவிடும். ஒரு சொட்டு சட்டையில் பட்டால் சட்டையைக் கொளுத்திவிட வேண்டியதுதான். சொட்டே படாமல், பாட்டில் மூடியைத் திறந்து அயோடின் விட்டு வீரியம் பார்த்தாலே போதும், தலைமுடியில் ஏறிக்கொள்ளும். இரண்டு நாள் சீயக்காய் போட்டாலும் இறங்காது. சிதம்பரத்திலிருந்து புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாக வரும் கம்பெனி பஸ்ஸில் மெர்காப்டன் தொட்டவர்களுக்குக் கடைசி சீட் என்பது எழுதாத சட்டம். லேபில் அதைத் தொடுபவன் நான், பிளான்டில் தொடுபவர் அவர். வருடக்கணக்காக அந்தக் கடைசி சீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சிநேகம் உண்டாகாமல் என்ன செய்யும்?

அந்தச் சிநேகத்தில்தான் புவனகிரியில் இருந்த என் தங்கைக்கு அவரைக் கேட்டேன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தயக்கம் இருந்தது. ஒருத்தன் நாறுவது போதாதா, மாப்பிள்ளையும் நாற வேண்டுமா என்று அப்பாவே கேட்டார். தங்கை ஒரே வார்த்தையில் முடித்தாள். "சோப்பு கொஞ்சம் ஜாஸ்தி வாங்கணும், அவ்ளோதானே" என்றாள். இதை மச்சானிடம் சொன்னபோது அவர் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் போனோம், ஆனால் சனிக்கிழமை நான் பாட்டில் திறந்திருந்தேன். பெண்ணின் அம்மா பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு முந்தானையை மூக்கருகே கொண்டுபோனதை நான் பார்த்தேன். அவர் மறைக்கத்தான் முயன்றார், பாவம். மறுநாளே ஜாதகம் சரிப்படவில்லை என்று தகவல் வந்தது. ஜாதகம் பார்த்த பிறகுதானே எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்! அதற்குப் பிறகு யார் பக்கத்தில் நின்றாலும் இரண்டடி தள்ளி நிற்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஆகவே அண்ணாமலை நகரில் ஒரு வரன் வந்தபோது நான் பயந்துதான் இருந்தேன். பெண்ணின் அப்பாவுக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலரைக்கு நல்ல நேரம் என்று குறித்தார்கள். அரை நாள் லீவு எடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை காலையில் ஒரு பேட்ச் போட வேண்டியிருந்தது. திறந்த டிரம் என்றால் ஒவ்வொரு பேட்ச்சுக்கு முன்னாலும் மெர்காப்டனின் வீரியம் பார்த்தே ஆக வேண்டும் என்பது விதி. சாம்பிள் பாட்டில் என் மேசையில் வந்து உட்கார்ந்திருந்தது. மூடியிருக்கும்போதே இலேசாக வாடை. நான் அன்று வீட்டில் தலைக்குக் குளித்து, புதுச் சோப்புப் போட்டு, பவுடர் பூசி வந்திருந்தேன். பாட்டிலைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். போன வாரம் இதே டிரம்மைத்தான் பார்த்திருந்தேன், தொண்ணூற்றெட்டு சதவீதம். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்? பாட்டிலைத் திறக்காமலேயே அதே தொண்ணூற்றெட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தாளை நானே பிளான்டுக்கு எடுத்துப் போனேன். மச்சானுக்கு ஒரு விளையாட்டு உண்டு. நான் கொடுக்கும் ரிப்போர்ட்டைப் படிக்கும் முன் மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பார். என் கை பட்ட தாளும் நாறும் என்பதால், "நம்பரே பாக்க வேணாம் மச்சான், மோந்தாலே தெரியிது" என்று சிரிப்பார். அன்றும் மோந்தார். சிரிக்கவில்லை. என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு வாசனையா இருக்கீங்க மச்சான். நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார். பேட்ச்சை ஏற்றிவிட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் நேராக அண்ணாமலை நகர் வந்துவிடுவதாகச் சொன்னார். பவுடர் வாசனையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பஸ்ஸேறினேன்.

பெண் வீட்டில் எல்லாம் நன்றாக நடந்தது. கேசரி சாப்பிட்டோம். பெண்ணின் அப்பா என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தோளில் கை வைத்து, "ஃபேக்டரி மாப்பிள்ளைன்ன உடனே வாடை அடிக்குமேன்னு யோசிச்சோம். அப்டி ஒண்ணும் இல்லியே" என்று மனம் விட்டுச் சிரித்தார். பெண்ணும் கதவுக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. உடனே சம்மதம் சொல்லிவிட்டார்கள். மச்சானுக்காகப் போட்டு வைத்திருந்த நாற்காலி மட்டும் கடைசி வரை காலியாக இருந்தது. ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்டபோது, டூட்டி என்றேன். அந்த நேரத்தில் அவர் ரியாக்டர் முன்னால் நின்று, கலக்கியின் மோட்டார் பளுவைக் காட்டும் முள் ஏறுவதையும் கலக்கி நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. நாலு மணிக்குக் கெட்டிப்பட ஆரம்பித்திருக்கிறது. நாலரைக்குக் கலக்கி நின்றுவிட்டது.

மறுநாள் லேபில் யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பாட்டிலைத் திறந்து பார்த்தேன். அயோடின் விட விட, அதன் நிறம் சீக்கிரமே மறையாமல் நின்றுவிட்டது. எழுபதைத் தாண்டவில்லை. டிரம் மூடி சரியாக இறுகாமல், துருவும் காற்றும் சேர்ந்து மருந்தின் உயிரைக் குடித்திருந்தன. இன்னொரு முறை பார்த்தேன். அதே எழுபது. கையெழுத்துப் போட்ட தொண்ணூற்றெட்டு ஃபைலில் இருந்தது. எழுபதை எங்கேயும் எழுதவில்லை. பாட்டிலைக் கழுவி வைத்தேன்.

உறைந்த ரியாக்டரைத் திறந்து, காற்று ஊதி, ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தார்கள். பதினோரு நாள் ஆயிற்று. முதல் ஆளாக இறங்கியவர் மச்சான். மேலே வரும்போது முழங்கைவரை எண்ணெய், கண்ணெல்லாம் சிவப்பு. நான் லேப் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விசாரணை. மேனேஜர் அறையில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மருந்தின் வீரியம் சரிதானா என்று என்னைக் கேட்டார்கள். ரிப்போர்ட்டில் இருக்கிறது சார் என்றேன். பொய் சொல்லவில்லை பாருங்கள், எவ்வளவு சாமர்த்தியம்! அடுத்து அவரைக் கேட்டார்கள். அவர் கேட்டிருந்தால் டிரம்மிலிருந்து மறுபடியும் சாம்பிள் எடுத்துப் பார்த்திருப்பார்கள். டிரம் அங்கேதான் நின்றது. கேட்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்கவில்லை. "நடுவுல கொஞ்சம் சூடு ஏறிச்சி சார். நான்தான் கவனிக்கல" என்றார். சூடு இரண்டு டிகிரி ஏறியிருந்தது. எல்லாப் பேட்ச்சிலும் ஏறுவதுதான். அதைச் சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்தது. நான் அப்போது வேலையில் நிரந்தரமாகாதவன். கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று. வாயைத் திறக்கவில்லை.

அவரை ரியாக்டரிலிருந்து எடுத்துக் கழிவுநீர்ப் பிரிவுக்குப் போட்டார்கள். தண்டனை என்று எழுதவில்லை, மாற்றம் என்று எழுதினார்கள். ஆபரேட்டர்களுக்கு வந்த பதவி உயர்வு எதுவும் அவருக்கு அதன்பின் வரவில்லை. அவருக்குக் கீழே வேலை கற்றவர்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆனார்கள். அவர் கழிவுத் தொட்டிகளின் ஓரத்தில் நீளக் கழியை வைத்துக்கொண்டு நுரை தள்ளிக்கொண்டிருந்தார். என் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லா வேலையும் செய்தவர் அவர்தான். அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டைக் கொண்டுவந்து, ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் ஊற்றிப் போட்டு, கடலூர் முதுநகரில் அவர்கள் குடியிருந்த வீட்டு டி.வி. பக்கத்தில் வைத்தார். அது ஊதுவதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எதற்கு இதைப் போய் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். நாம் செய்த சரக்குதானே, இருக்கட்டும் என்றார். அந்த 'நாம்' என்ற சொல்லை நான் அப்போது நின்று யோசிக்கவில்லை.

ஐந்தாறு வருடத்தில் நான் கம்பெனியை விட்டுக் கல்லூரிக்கு வந்துவிட்டேன். இங்கே நான் செய்த காரியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாலிமர் உறையும் கட்டத்தைப் பற்றிய பாடம் வரும்போது, வகுப்பு தூங்காமல் இருக்க ஒரு கதை சொல்வேன். ஒரு கம்பெனியில் ஓர் ஆபரேட்டர் சூட்டைக் கவனிக்காமல் விட்டார், எட்டாயிரம் லிட்டர் ஒரே அல்வாவாகிவிட்டது, பதினோரு நாள் கத்தியால் வெட்டினார்கள் என்று. அல்வா என்றதும் வகுப்பு சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். வருடா வருடம் இதைச் சொல்லிச் சொல்லி, அது அப்படித்தான் நடந்தது என்று எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத பொங்கல் கிடையாது, தீபாவளி கிடையாது. இலையில் சோறு விழும், பேச்சு எங்கோ போகும், அடுத்த பண்டிகைக்குத் தள்ளிவிடுவேன். கடைசி வருடத்தில் அவருக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்து சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சீட்டு வாங்கிக்கொண்டு இருவரும் நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், பழைய பஸ் சீட்டில் உட்கார்ந்த மாதிரி. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று தொண்டையைச் செருமினேன். அவர் உடனே திரும்பினார். "என்ன மச்சான், எதுனா சொல்லணுமா?" என்றார். காத்திருந்தவர் மாதிரிதான் கேட்டார். "ஒண்ணுமில்ல, டீ வாங்கியாரட்டா?" என்றேன். சரி என்றார். டீ வாங்கி வந்தேன். இருவரும் குடித்தோம். அதற்கு நான்கு மாதம் கழித்து, ஒரு காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

போன மாதம் அவருக்கு வருஷத் திதி. வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு தங்கை அந்த ஜாடியைத் துடைத்து ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். அவர் எனக்குக் கொடுக்கச் சொன்னதாகச் சொன்னாள். நான் அப்போதுதான் உடைந்துபோனேன். அவர் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன்: பாட்டில், தொண்ணூற்றெட்டு, எழுபது, மேனேஜர் அறை. நான் முடித்ததும் சொன்னாள்.

"தெரியும்ணே. அன்னிக்கு ராத்திரியே அவுரு சொன்னாரு. ஒங்கண்ணன் இன்னிக்கு நாறவே இல்ல, தாளும் நாறல, பாட்டில தொறக்காமதான் எழுதியிருக்காருன்னு. தெரிஞ்சேதான் பேட்ச்ச போட்டேன்டின்னாரு. மறுபடி பாருங்கன்னு சொன்னா நீ நாறிப்போயி அங்க நிக்கணும். ஒரு நாளு தானேன்னு வுட்டுட்டாரு."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். யார் யாரைப் பார்த்து என்ன கேட்பது என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. தங்கை கோபப்படவில்லை. அவளும் அவரைக் கேட்டிருக்கிறாள், ஒருமுறை அல்ல, பலமுறை. "தப்பு ரெண்டு பேருதும். ரெண்டு பேரும் மாட்டுறதுக்கு ஒருத்தரு மாட்டுனா போதும்னு சொல்லுவாரு" என்றாள். பிறகு ஜாடிப் பையின் காதை முடிச்சுப் போட்டபடி, "நீயா வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தாருண்ணே" என்றாள்.

பதினாறு வருடம். அவர் என்னிடம் எதிர்பார்த்தது மன்னிப்புக்கூட இல்லை, துணை. ஒரே தவற்றை இரண்டு பேர் தெரிந்து செய்திருந்தோம். அதைப் பற்றிப் பேச அவருக்கு இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டதில் அவரும் தனியாகப் போய்விட்டார். கடைசி சீட்டில் அவர் மட்டும் உட்கார்ந்து வந்திருக்கிறார், நான் முன்சீட்டுக்குப் போய்விட்டேன்.

இந்த வாரம் வகுப்பில் அதே பாடம் வந்தது. ஜாடியைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். கதையை இந்த முறை மாற்றிச் சொன்னேன், அதாவது நடந்தபடி சொன்னேன். கெமிஸ்ட் பாட்டிலைத் திறக்காமல் நம்பரை எழுதினான் என்றேன். முன் வரிசைப் பெண் ஒருத்தி, "ஏன் சார் தொறக்கல?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது, நாறக் கூடாதே என்பதற்காக என்றேன். வகுப்பே சிரித்தது. அல்வாவுக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். இத்தனை வருடமாக மச்சான் மேல் விழுந்துகொண்டிருந்த சிரிப்பு அது. என்னால் அவர்களோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை. அந்தக் கெமிஸ்ட் யார் என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாடத்தை முடித்துவிட்டு ஜாடியை மார்போடு அணைத்தபடி வீட்டுக்கு வந்தேன்.

மேசையில் வைத்து, அதன் மூடியைத் திருகிப் பார்த்தேன். அவர் மூடி வைத்த பிறகு யாரும் திறந்ததில்லை போலிருக்கிறது. துணி சுற்றித்தான் திருக முடிந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். இருந்தது. மெலிதாக, ஆனால் சந்தேகமே இல்லாமல் அதே வாடை அறை முழுக்கப் பரவியது. விரலை விட்டுக் கட்டியைத் தொட்டேன். அழுத்தினால் உள்வாங்கி, விட்டால் பழையபடி எழுந்து நின்றது. விரலை எடுக்க மனம் வரவில்லை. கண்ணில் நீர் வந்ததை அந்தக் கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, ஏதோ நாறுதே?"

"நான்தான்" என்றேன்.